ரெண்டாவது காணும்

பொறுங்கோ, பொறுங்கோ, வாறன்! பெல்லை அடிச்சுப்போட்டுப் போயிடாதேங்கோ. இந்த வோக்கரைப் பிடிச்சுக்கொண்டு கதவடிக்கு வர எனக்கு மூண்டு நிமிசம் எடுக்கும்.

ஆ, வாங்கோ. பதினாலாம் நம்பர் தானே? தெரியும். பெட்டியில பேரைப் பாத்த உடனயே தெரிஞ்சு போச்சு. ஆரணி கிருபாகரன். நேற்று மத்தியானம் அந்தப் பார்சல்காரன் தந்திட்டுப் போனவன். எங்கட பிள்ளை ஒண்டு மேல குடிவந்திருக்கு எண்டு நான் அப்பவே நினைச்சனான். உள்ளுக்கு வாங்கோ. வாசல்ல நிண்டா குளிர் வந்திடும், பேந்து அதைக் கலைக்கிறது பெரும்பாடு. சப்பாத்தைக் கழட்ட வேண்டாம், நிலம் ஐஸ் மாதிரி. ஓ, கழட்டிப்போட்டியளோ? நல்ல வளர்ப்பு.

பெட்டி கிடக்கு. அது எங்க போகப்போகுது? முதல்ல இருங்கோ. அந்தக் கதிரையில கிடக்கிற பேப்பரைத் தூக்கி நிலத்தில வைச்சுப்போட்டு இருங்கோ.

தேத்தண்ணி குடிக்கிறியளோ?

வேண்டாமோ. ம்.

சரி, இன்னொருக்காக் கேக்கிறன். தேத்தண்ணி குடிக்கிறியளோ?

பாத்தியளோ! இப்ப தலையாட்டுறியள். இஞ்ச பிறந்து வளந்த பிள்ளை எண்டாலும் முதல்ல வேண்டாம் எண்டு சொல்லத் தெரிஞ்சிருக்கு. ஆனா போட வேண்டியது நீங்கள் தான் பிள்ளை, குறை நினைக்கக்கூடாது. கேத்தில் அந்த மூலையில. தேயிலை மஞ்சள் மூடி போட்ட பேணியில. எனக்கும் ஒரு கோப்பை. சீனி வேண்டாம், டொக்டர் கூடாது எண்டவர். அரைக் கரண்டி போடுங்கோ.

உந்த நடையில கிடக்கிற பெட்டியளைப் பாத்துச் சிரிக்கிறியளோ? நாலு கிடக்கு இப்ப. எல்லாம் இந்தக் கட்டடத்து ஆக்களின்ர சாமான். பகலில எல்லாரும் வேலைக்குப் போயிடுவினம். ரெண்டாம் நம்பர் கிழவன் எப்பவும் வீட்டில தான் எண்டு பார்சல்காரங்கள் எல்லாருக்கும் தெரியும். நான் தான் அவங்களுக்குச் சொல்லி வைச்சனான், ஒருத்தரும் இல்லாட்டி என்னட்டைத் தா எண்டு. எனக்கு அதில ஒரு கரைச்சலும் இல்லை. பின்னேரம் ஒவ்வொருத்தரா வந்து பெல் அடிப்பினம். ‘தாங்க்யூ மிஸ்டர் குணா’ எண்டுபோட்டு எடுத்துக்கொண்டு போவினம். உள்ளுக்கு வாறேல்லை. மூண்டாம் மாடிப் போலந்துக்காரி ஒருக்கா கேக் கொண்டுவந்து தந்தவ. அவவுக்குத் தான் கனக்க பார்சல் வாறது. நல்ல மனுசி, வாங்கிக்கொண்டே இருப்பா.

தனிமை கினிமை எண்டு எனக்கு ஒண்டும் இல்லை, அதை முதல்லயே சொல்லிப்போட்டன். மகள் மெல்பேர்ணில இருந்து ஞாயிற்றுக்கிழமையில போன் எடுப்பள், அவளுக்கும் அதைத்தான் சொல்றனான். வருத்தம் எண்டா இடுப்பு நோ தான். பிரச்சினை கவுன்சிலோட தான், இஞ்சத்தை நகரசபையோட.

என்ன பிரச்சினையோ? அதைச் சொல்லத்தானே வாறன். தேத்தண்ணியை ஊத்திக்கொண்டு வாங்கோ.

நான் ஊரில அரசாங்கக் கந்தோர் உத்தியோகம் பாத்தனான். இருபத்தாறு வருசம். அதில கடைசி ஏழு வருசம் நிவாரணப் பிரிவு. சண்டையால இடம்பெயர்ந்து வந்த சனத்துக்கு அரிசி, பருப்பு, சீனி குடுக்கிறதுக்கு அட்டை எழுதுற வேலை. ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில மேசையைப் போட்டு இருப்பன், சனம் வரிசையா வரும். ஏன் இதைச் சொல்றன் எண்டா, கந்தோர் எண்டா என்ன, படிவம் எண்டா என்ன எண்டு எனக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை. அதுக்குத்தான். எனக்கு முன்னால ஒருத்தரும் அழுது காரியம் பாக்கேலாது. படிவத்தில என்ன சொல்லுறியோ அதை எழுதுவன். ஒரு எழுத்துக் கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன். குணநாயகத்தாரின்ர கோப்பில பிழை பிடிக்க ஏலாது எண்டு மேலதிகாரியளே சொல்லுவினம்.

ஒருக்கா ஒரு மனுசி, மூண்டு பிள்ளையளோட வந்தவ. ஒண்டு இடுப்பில, ரெண்டு கையில. படிவத்தில ஒரு கேள்வி, ‘தற்போது வழங்கப்படும் உலருணவு போதுமானதா?’ நான் கேட்டன், ‘தாற சாமான் காணுதோ?’ எண்டு. ‘காணும் ஐயா’ எண்டு சொன்னவ. நான் எழுதினன், போதுமானது எண்டு. எழுதினாப் பிறகும் அவ மேசையடியிலயே நிண்டவ. நான் ‘அடுத்த ஆள்’ எண்டு கூப்பிட்டாப் பிறகு தான் விலகினவ. சனம் அப்பிடித்தான், வரிசை எண்டா விளங்காது. அடுத்த மாசம் மேலயிருந்து கட்டளை வந்தது. சாமான் வரத்துக் குறைவு, போதும் எண்டு சொன்ன ஆக்களுக்கு முதல்ல குறையுங்கோ எண்டு. குறைச்சன். என்னில என்ன பிழை? கேட்டனான், சொன்னவ, எழுதினனான்.

ஏன் அப்பிடிப் பாக்கிறியள்? சட்டம் சட்டம் தானே பிள்ளை. குடியுங்கோ, ஆறப்போகுது.

இனி இஞ்சத்தைக் கதைக்கு வாறன். போன வருசம் தை மாசம், உந்தக் குளியலறையில விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சது. ஒப்பரேசன் செய்து, இரும்பு வைச்சு, வீட்டுக்கு அனுப்பேக்க கவுன்சில் ஒரு ஏற்பாடு செய்து தந்தது. காலமை பதினைஞ்சு நிமிசம் ஒரு ஆள் வந்து உடுப்பு மாத்தி, சொக்ஸ் போட்டு, மருந்துக் குளிசை தருவினம். மத்தியானம் அரை மணித்தியாலம் இன்னொரு ஆள் வந்து சாப்பாடு சூடாக்கித் தந்து, காலுக்கு எண்ணெய் பூசி விடுவினம். காலமை வாறது ஒவ்வொரு நாளும் புது முகம். மத்தியானம் மட்டும் ஒரே ஆள். அபெனா எண்டு பேர். கானா நாட்டுக்காரி. என்னைவிட உயரம். சிரிச்சா நாலாம் நம்பருக்குக் கேக்கும்.

சாப்பாடு தமிழ்க் கடையில இருந்து கிழமைக்கு ரெண்டு தரம் வரும், பிரிட்ஜில கிடக்கும். அபெனா சூடாக்கிச் சாப்பாட்டுக் கோப்பையில போடுவா. முதல் நாள் ஒரு கரண்டி சோறு போட்டவ. நான் ‘காணும், காணும்’ எண்டன். கையால வேற மறிச்சுக் காட்டினன். அவ அப்பிடியே சோத்துப் பெட்டியை மூடிப் பிரிட்ஜுக்குள்ள வைச்சிட்டா! எனக்கு எப்பிடி இருந்திருக்கும் சொல்லுங்கோ. அடுத்த நாளும் அப்பிடித்தான். ஒரு கிழமை நான் அரைவயிறோட இருந்தனான். வாய் திறந்து இன்னும் போடு எண்டு கேக்கலாம் எண்டுறியளோ? கேட்டு வாங்கித் திண்டு எனக்குப் பழக்கமில்லை. என்ர மனிசி இருந்த காலத்தில நான் ‘காணும்’ எண்டா அவ இன்னொரு அகப்பை வைப்பா. பேந்து நான் ‘காணும் எண்டெல்லோ சொன்னனான்’ எண்டு கொஞ்சம் பிலத்துச் சொல்லுவன். அப்ப தான் அகப்பையைக் கீழ வைப்பா. நாப்பத்தொரு வருசம் அப்பிடித்தான் சாப்பிட்டனான். முதலாவது காணும் மரியாதைக்குச் சொல்றது. ரெண்டாவது தான் கணக்கு.

எட்டாம் நாள் அபெனாவுக்கு இதைப் படிப்பிச்சன். எப்பிடியோ? விரலைக் காட்டி. ஒரு விரலைக் காட்டி ‘காணும்’ எண்டன், தலையை இல்லை எண்டு ஆட்டினன். ரெண்டு விரலைக் காட்டி ‘காணும்’ எண்டன், ஓம் எண்டு ஆட்டினன். அவ இடுப்பில கையை வைச்சுக்கொண்டு பாத்தவ. பேந்து சிரிச்ச சிரிப்பில கரண்டி கீழ விழுந்து போச்சு. அதுக்குப் பிறகு ஒரு நாளும் பிழைக்கேல்லை. நான் ‘காணும்’ எண்ட உடன ‘வன் காணும்!’ எண்டு சொல்லி இன்னொரு கரண்டி வைப்பா. திருப்பி நான் சொன்னா, ‘டூ காணும், ஓகே பாப்பா’ எண்டு மூடுவா. பாப்பா எண்டா அவவுக்கு அப்பா. இந்த நாட்டில அந்தக் கணக்குத் தெரிஞ்ச ஒரே ஆள் அவ தான் பிள்ளை. கோயிலில அன்னதானம் போடுற எங்கட பெடியங்களே ஒருக்காச் சொன்னா அடுத்த பந்திக்குப் போயிடுவாங்கள்.

வேலை முடிய ஒரு ஏழெட்டு நிமிசம் மிஞ்சும். அப்ப நீங்கள் இருக்கிற கதிரையில தான் இருப்பா. நான் தமிழில கதைப்பன், அவ தன்ர பாசையில கதைப்பா. ஒண்டும் விளங்காது ரெண்டு பேருக்கும். தன்ர தாயைப் பற்றித்தான் கதைக்கிறா எண்டு எனக்கு விளங்கும். எப்பிடி விளங்கினது எண்டு கேட்டா சொல்லத் தெரியாது.

கார்த்திகைக் கடைசியில கவுன்சிலில இருந்து ஒரு மனுசி வந்தவ, கரோலைன் எண்டு. எல்லாருக்கும் இப்ப திருப்பி மதிப்பீடு செய்யினமாம். பாவம், வெளியில மழை, கோட்டெல்லாம் நனைஞ்சு மூக்கு வடிஞ்சுகொண்டு வந்தவ. நான் இங்கிலீசு வடிவா வாசிப்பன், எழுதுவன். அவை கதைக்கிறது தான் விழுங்கி விழுங்கிக் கதைக்கினம், பிடிபடாது. அதால மொழிபெயர்க்க ஒரு ஆளைப் போனில பிடிச்சுத் தந்தவை. போனை உந்த முக்காலியில வைச்சு, ஸ்பீக்கரைப் போட்டு. மற்றப் பக்கம் ஒரு பிள்ளை, குரலைக் கேட்டாச் சென்னைப் பக்கம். ‘வணக்கம் சார், சொல்லுங்க சார்’ எண்டு நல்ல மரியாதையாத்தான் கதைச்சது.

எல்லாக் கேள்விக்கும் நான் உண்மை தான் சொன்னனான். தனியக் குளிக்க ஏலாது. குனிய ஏலாது. வோக்கரைப் பிடிச்சாக் கோப்பை பிடிக்க ஏலாது, கோப்பையைப் பிடிச்சா வோக்கர் பிடிக்க ஏலாது. கரோலைன் மடியில கொம்பியூட்டரை வைச்சுத் தட்டிக்கொண்டே இருந்தவ. கடைசிக் கேள்வி. அந்தப் பிள்ளை கேட்டது: ‘சார், மதியானம் இப்பக் கொடுக்கிற உதவி உங்களுக்குப் போதுமான்னு மேடம் கேக்கிறாங்க.’

நான் ‘காணும், காணும்’ எண்டன்.

‘என்ன சார்? எதைக் காணோம்?’ எண்டுது அந்தப் பிள்ளை.

‘ஒண்டும் காணாமப் போகேல்லை பிள்ளை. காணும் எண்டு சொல்லுறன்.’

‘அதான் சார், என்ன பொருள் காணும்? எப்பலேந்து? மேடம்கிட்டச் சொல்லட்டுமா?’

சிரிக்கிறியள். எனக்கு அப்ப சிரிப்பு வரேல்லை. கரோலைன் என்னைப் பாக்கிறா, போனைப் பாக்கிறா. நான் அந்தரப்பட்டுப் போய், ‘போதும் அம்மா, போதும்! போதும் எண்டுறன்!’ எண்டு கத்திப்போட்டன். ‘ஓ, போதுமா! அப்பிடிச் சொல்லுங்க சார்’ எண்டுபோட்டு அந்தப் பிள்ளை இங்கிலீசில ரெண்டு சொல்லுச் சொன்னது. ரெண்டே ரெண்டு சொல்லு. கரோலைன் டக் டக் எண்டு தட்டினவ.

நான் பாத்துக்கொண்டு இருந்தன். இனித் திருப்பிக் கேப்பினம் தானே எண்டு. ‘உண்மையா காணுமோ, வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ’ எண்டு ஒரு வார்த்தை. அதைக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பன். அரை மணித்தியாலம் காணாது அம்மா, மிச்சப் பகல் முழுக்க ஒரு குரல் இல்லை எண்டு சொல்லியிருப்பன். வாய்க்குள்ள வந்து நிண்டது. அவ கொம்பியூட்டரை மூடிப்போட்டா. கைதந்தவ, நல்ல மென்மையான கை, குளிர்ந்து கிடந்தது. ‘யூ ஆர் டூயிங் வெரி வெல்’ எண்டு சொல்லிப்போட்டுப் போனவ. நான் கதவடியில வோக்கரைப் பிடிச்சுக்கொண்டு அப்பிடியே நிண்டனான்.

மார்கழி பத்தாம் திகதி கடிதம் வந்தது. வாசிச்சுக் காட்டட்டோ? வேண்டாம், எனக்குப் பாடம். நல்ல இங்கிலீசு, ஒரு பிழை இல்லை. நான் இருந்தாலும் உப்பிடித்தான் எழுதியிருப்பன். ‘குளிர்கால நெருக்கடியை முன்னிட்டு, கிடைக்கின்ற வளங்களை மிக அவசரமான தேவைகளுக்கு ஒதுக்கவேண்டியுள்ளது. தங்களுடைய மதிப்பீட்டின்போது, நண்பகல் ஆதரவு போதுமானதாக உள்ளதென்றும் தங்கள் நிலை சீராக உள்ளதென்றும் தாங்கள் தெரிவித்தீர்கள். ஆகவே நண்பகல் வருகை நிறுத்தப்படுகிறது.’ நான் தெரிவித்தேனாம். பிழை முழுக்க அந்தச் சென்னைப் பிள்ளையில தான். மொழிபெயர்க்க வாற ஆளுக்கு ‘காணும்’ தெரிய வேண்டாமோ?

விட்டனானோ? போன் அடிச்சன். லைனில பொறுக்கச் சொல்லிப்போட்டு ஐம்பது நிமிசம் பியானோ கேக்க வைச்சவை. பேந்து ஒரு மனுசன் வந்தார், பொறுமையான மனுசன், மெல்லக் கதைச்சவர், விளங்கினது. சொன்னார், ஐயா, குளிர் காலம் எண்டா ஆசுப்பத்திரி எல்லாம் நிரம்பி வழியுது, நடையில கூட ஆக்களைப் படுக்க வைச்சிருக்கு. அதுக்கெண்டு அரசாங்கம் மேலதிகக் காசு தந்தது உண்மை. ஆனா அது கட்டிலைக் காலியாக்கத் தந்த காசு. ஆசுப்பத்திரியால வீட்டுக்கு வாற ஆக்களுக்குத் தான் அதில பராமரிப்பாளர் அனுப்பலாம். ஏற்கெனவே வீட்டில இருக்கிற ஆக்களுக்கு எங்களிட்ட இருக்கிறதுக்குள்ள தான் பாக்கவேணும், அது வரவரச் சுருங்குது எண்டார். எனக்கு அவரில கோவம் வரேல்லை. எனக்கு விளங்கும். ஒரு தலைப்பில வந்த காசை மற்றத் தலைப்பில செலவழிக்க ஏலாது, கணக்காய்வில பிடிபடும். நானும் அதே பதிலைச் சொல்லித்தான் இருபத்தாறு வருசம் சம்பளம் எடுத்தனான்.

‘அப்ப நான் திருப்பியும் விழுந்து எலும்பை உடைச்சா அபெனாவை அனுப்புவியளோ?’ எண்டு கேட்டன். பகிடிக்குத் தான் கேட்டனான். அவர் கொம்பியூட்டரில தட்டிப் பாக்கிறது கேட்டது. பேந்து, ‘ஆறு கிழமைக்குக் கிடைக்கும்’ எண்டார். மெல்லமாச் சொன்னார். அவருக்கும் வெக்கம் போல.

ஆனா அதுக்குப் பிறகு நான் எழுதிப் போட்ட கடிதத்துக்குப் பதில் வந்தது. வோக்கரும் கோப்பையும் எண்டு ஒரு பக்கம் எழுதினனான். ஒரு தள்ளுவண்டி அனுப்பினவை, மேல தட்டு வைச்சது. கோப்பையை அதில வைச்சுத் தள்ளிக்கொண்டு வரட்டாம். குறை சொல்லக்கூடாது, நல்ல வண்டி. உங்கட பெட்டி அதில தான் இருக்கு.

நத்தார், அதான் கிறிஸ்மஸ், அதுக்கு முதல் வெள்ளி, அபெனா கடைசியா வந்தவ. அவவை நகரத்தின்ர மற்ற அந்தத்துக்கு மாத்திப்போட்டினம், ஆசுப்பத்திரியால வந்த ஆக்களைப் பாக்க. வழமை போல சோறு சூடாக்கினவ. கத்தரிக்காய்க் குழம்பும் பருப்பும். ஒரு கரண்டி வைச்சவ. நான் ‘காணும்’ எண்டன். ‘வன் காணும்’ எண்டு சொல்லி இன்னொண்டு வைச்சவ. நான் ‘காணும்’ எண்டன். அவ கரண்டியைப் பிடிச்சுக்கொண்டு என்ர முகத்தைப் பாத்தவ. பாத்துப்போட்டு மூண்டாவதும் வைச்சவ. ஒரு நாளும் அப்பிடி வைக்கிறேல்லை. முழுக்கச் சாப்பிட்டன். அவ்வளவும் சாப்பிட்டன். ஒரு பருக்கை மிச்சம் விடேல்லை.

அதோட சரி. இப்ப அஞ்சு கிழமை.

மத்தியானம் என்ன செய்யிறனோ? சாப்பிடுறன், வேற என்ன. சில நாள் சூடாக்குவன். சில நாள் பிரிட்ஜடியிலயே நிண்டு பெட்டியோட சாப்பிட்டிடுவன், ஆர் பாக்கிறது? ஒரு நாள் சும்மா, எப்பிடி இருக்கெண்டு பாப்பம் எண்டு, ஒரு கரண்டி போட்டுப்போட்டு வாய்விட்டுக் ‘காணும்’ எண்டு சொல்லிப் பாத்தன். வீடு அவ்வளவு அமைதியா இருக்கு எண்டு அண்டைக்குத்தான் தெரிஞ்சது. அதுக்குப் பிறகு சாப்பிடேக்க ரேடியோவைப் போட்டு விடுறனான்.

மகளோ? அவளுக்கு இதெல்லாம் சொல்லேல்லை. ‘சமாளிக்கிறீங்களோ அப்பா?’ எண்டு கேப்பள். ‘ஓம் வாசுகி, வடிவாச் சமாளிக்கிறன்’ எண்டு சொல்லுவன். போன மாசம், ‘நான் ரெண்டு கிழமை லீவு போட்டு வரட்டோ?’ எண்டு கேட்டவள். ‘சும்மா இரு, இந்தக் குளிருக்குள்ள பிள்ளையளை விட்டுட்டு ஏன்?’ எண்டன். ‘சரி அப்பா, அப்ப சித்திரையில பாப்பம்’ எண்டாள். உங்கட வயசு ஆக்கள் அப்பிடித்தான். வேண்டாம் எண்டு சொல்லப் பழகியிருக்கிறியள், திருப்பிக் கேக்கப் பழகேல்லை. பிழை எண்டு சொல்லேல்லை. நாங்கள் தான் காட்டித் தரேல்லையோ என்னவோ.

ஒண்டு சொல்லட்டோ. நீங்கள் என்னை அப்பிடிப் பாத்தியள் எல்லோ முதல்ல, அந்த மூண்டு பிள்ளைக்காரியின்ர கதையைச் சொல்லேக்க. பாத்தியள், எனக்குக் கண் தெரியும். கொஞ்ச நாளா அவ தான் வாறா எனக்கு. கனவு எண்டில்லை, மத்தியானத்தில, உப்பிடி இருக்கேக்க. முகம் ஞாபகமில்லை, இடுப்பில இருந்த குழந்தையின்ர கால் மட்டும் தெரியுது, ஒரு காலில கொலுசு. அவ ஏன் மேசையடியை விட்டுப் போகாம நிண்டவ எண்டு நான் ஒரு நாளும் யோசிக்கேல்லை. வரிசை விளங்காத சனம் எண்டு தான் நினைச்சனான். அவவுக்கு வரிசை விளங்கும் பிள்ளை. அவ நான் திருப்பிக் கேப்பன் எண்டு நிண்டிருக்கிறா. நான் எங்கட ஆள் தானே, எனக்குத் தெரிய வேணும் தானே. எனக்குத் தெரியும். வீட்டில நாப்பத்தொரு வருசம் அந்தக் கணக்கில சாப்பிட்டவன் நான். படிவத்தில ஒரு கேள்விக்கு ஒரு கோடு தான் இருந்தது, அதில எழுதினன், ‘அடுத்த ஆள்’ எண்டன்.

சரி விடுங்கோ. அது ஊர்க் கதை, முப்பது வருசக் கதை.

போன் அடிக்குது உங்களுக்கு, எடுங்கோ, எடுங்கோ. ஆர், அவரோ? தேடப்போறார். பார்சல் எடுக்கப் போன மனுசியைக் காணேல்லை எண்டு. இந்தாங்கோ, அந்தத் துவாயைத் தூக்குங்கோ, அதுக்குக் கீழ தான் வண்டியில உங்கட பெட்டி. ஓம், நீங்கள் வரேக்கயும் அங்க தான் இருந்தது. மூடி வைச்சனான், தூசி படாம இருக்கட்டும் எண்டு. சிரிக்காதேங்கோ. பாரமில்லை, என்ன, குழந்தைச் சாமானோ? அப்பிடியோ! எப்ப? வைகாசியிலயோ? சந்தோசம் பிள்ளை, நல்ல சந்தோசம். அப்ப படியில பாத்து ஏறுங்கோ, லிஃப்ட் பழுதெல்லோ.

கோப்பையை அங்க வையுங்கோ, நான் கழுவுவன். கழுவிப்போட்டியளோ! எப்ப கழுவினியள்? கதைச்சுக்கொண்டு இருந்ததில நான் காணேல்லை.

என்ன சொல்லுறியள்? வியாழக்கிழமையில நீங்கள் வீட்டில இருந்து தான் வேலையோ. ஓ. மத்தியானம் கீழ வந்து சூடாக்கித் தந்திட்டு, உங்கட சாப்பாட்டையும் கொண்டுவந்து இஞ்சயே இருந்து சாப்பிடட்டோ எண்டோ.

சீச்சீ. வேண்டாம் பிள்ளை. உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும், இந்த உடம்போட வேற. என்னைப் பாத்து நீங்கள் ஏன் மினக்கெடுவான்? நான் வடிவாச் சமாளிக்கிறன். இண்டைக்கு இவ்வளவு நேரம் இருந்ததே காணும். காணும்.

ஓம். சரி. சரி பிள்ளை. கதவை நல்லா இழுத்துச் சாத்துங்கோ, இல்லாட்டிக் காத்து வரும். போயிட்டு வாங்கோ.

…

பிள்ளை! ஆரணி! ஒரு நிமிசம். ஏறிப்போடாதேங்கோ, அந்தப் படியிலயே நில்லுங்கோ, நான் கதவடிக்கு வாறன். மூண்டு நிமிசம் தான். இந்தா வந்திட்டன். கேக்குதோ? இப்ப என்னட்ட ஒண்டு கேட்டியள் எல்லோ, வியாழக்கிழமை எண்டு.

அதை இன்னொருக்காக் கேளுங்கோ.